டாக்டர் கேட்கும் மூன்று கேள்விகள்

தலையில் அடிபட்டவளிடம் டாக்டர் மூன்றே கேள்விதான் கேட்பார். ஸ்கோர் என்ன? இது எந்தப் பாதி? போன மேட்ச் ஜெயித்தீர்களா, தோற்றீர்களா? தடுமாறினால் வெளியே உட்கார வேண்டியதுதான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு கால்பந்து அரையிறுதியில் என் அணியின் குருவிக்கு நெற்றிப்பொட்டில் முழங்கை இடித்தது. ஆள் சின்னவள், ஓடினால் யார் கையிலும் சிக்கமாட்டாள், அதனால் குருவி. டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் நான் தண்ணீர் பாட்டிலோடு ஓடி அவள் காதில் சொன்னேன்: “ரெண்டுக்கு ஒண்ணு. செகண்ட் ஹாஃப். ஜெயிச்சோம்.”

கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். டாக்டர் தலையாட்டினார். கடைசி நிமிடத்தில் இன்னொரு அடி அதே தலையில் விழுந்தது. அவ்வளவுதான்.

இப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அக்காதான் சோறு ஊட்டுகிறாள். மாதம் ஒருமுறை போவேன். என் குரல் கேட்டதும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, “ரெண்டுக்கு ஒண்ணு. செகண்ட் ஹாஃப். ஜெயிச்சோம்” என்பாள்.

“உங்களுக்கு மட்டும்தான் கோச் வாயத் தொறக்கறா” என்று அக்கா பூரித்துப்போவாள். அவளுக்கு விஷயம் தெரியாது. இருபது பெண்களைக் கட்டி மேய்க்கிறவள் நான்; இந்த ஒன்றைச் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. வீடு திரும்பியும் அந்தக் குரல் என்னை விடாது. பல் தேய்க்கும்போதுகூடக் கேட்கும்.

நேற்று இறுதி ஆட்டம். ஜெயித்தால் தேசிய அணிக்கு நான்தான் கோச் என்று சங்கத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஒன்றுக்கு ஒன்று. எண்பதாவது நிமிடம் என் கோல்கீப்பர் கம்பத்தில் தலை மோதி விழுந்தாள். பத்தொன்பது வயதுப் பெண். மாற்று கோல்கீப்பரோ விரல் உடைந்து கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

நான் ஓடினேன். எனக்கு முன்பே கேப்டன் போய், விழுந்தவள் காதருகே குனிந்திருந்தாள். கேப்டன் தோளைப் பற்றித் திருப்பினேன்.

“என்னடி சொன்ன?”

“பதில்தான் கோச். சீனியர் அக்காங்க சொல்லிக் குடுத்தது. நம்ம டீம்ல எப்பவும் இப்படித்தானே?”

அந்த ரகசியம் எனக்கும் குருவிக்கும் மட்டும்தான் என்று பதினோரு வருடம் நம்பியிருந்தேன். மடச்சி.

டாக்டர் வந்து கேட்டார். “ஒண்ணுக்கு ஒண்ணு. செகண்ட் ஹாஃப். ஜெயிச்சோம்” என்றாள் கோல்கீப்பர். அப்படியே குருவியின் ராகம்.

“தெளிவாத்தான் இருக்கா. ஆடலாம்.”

“வேணாம் டாக்டர். அது அவ பதில் இல்ல. சொல்லிக் குடுத்தது.”

“யாரு?”

கேப்டன் முகம் வெளிறிப்போயிற்று.

“நான்தான். ஆரம்பிச்சு வெச்சதே நான்தான்” என்றேன்.

அன்று தலையாட்டியவரும் இதே டாக்டர்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப அந்தக் குருவிக்கும்…?”

“ஆமா.”

ஒரு டிஃபெண்டருக்குக் கையுறை மாட்டி நிறுத்தினோம். மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். தலைவர் என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. கோல்கீப்பர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பிழைத்துக்கொண்டாள்.

இன்று காலை குருவி வீட்டு வாசலில் நின்றபடியே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் உள்ளே கேட்டிருக்க வேண்டும். கட்டில் கிறீச்சிட்டது.

“ரெண்டுக்கு ஒண்ணு. செகண்ட் ஹாஃப்…”

அக்கா உள்ளே ஓடித் தங்கையின் வாயைப் பொத்தினாள்.

“போதும்டி” என்றாள். “ஆட்டம் முடிஞ்சுபோச்சு.”