மேல சென்சார்

என் வீட்டுக்காரர் ரஞ்சித்துக்கு இடது, வலது என்ற இரண்டு சொற்கள் தமிழில் இருப்பதே தெரியாது. பிறந்து வளர்ந்தது ஸ்ரீரங்கம். அங்கே மேல வீதி என்றால் மேற்கு வீதி, கீழ வீதி என்றால் கிழக்கு வீதி. சரி, தெருவுக்குப் பொருந்தும். அதற்காகப் பல் டாக்டரிடம் போய், "மேலண்டப் பக்கத்துக் கடவாப்பல்லு வலிக்குதுங்க" என்று சொல்வார்களா? இவர் சொன்னார். அந்த டாக்டர் பாவம், மேல்வரிசைப் பல்லையெல்லாம் தட்டித் தட்டிப் பார்த்துக் களைத்துப் போனார். கல்யாணமான புதிதில் இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். என் காரில் கை வைத்த அன்றுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கார் என்றால், அது என் கார். பழைய வண்டிதான், ஆனால் நானே பார்த்து, நானே பேரம் பேசி வாங்கியது. எனக்கு லைசென்ஸ் வந்த அன்றே என் தங்கை பானுப்ரியா சொல்லிவிட்டாள்: "வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு நீதான்க்கா என்னக் கூட்டிட்டுப் போகணும். நீயும் நானும் மட்டும்." அவள் இருப்பது பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில். அம்மா வீடு உப்பிலியபுரம். ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பாதை. இரண்டு பேருக்கும் கல்யாணமான பிறகு, பக்கத்தில் யாரும் இல்லாமல் நாங்கள் பேசியதே கிடையாது. போனில் பேசினாலும் அந்தப் பக்கம் ஒரு மாமியார், இந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில். அந்த இரண்டு மணி நேரத்துக்காக நான் மாதக்கணக்கில் ஏங்கிக் கிடந்தேன்.

சரியாக வளைகாப்பு வாரத்தில் வண்டியில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. கூடவே ஒரு பெட்ரோல் நாற்றம். பானுவுக்கோ ஏழு மாதத்து மூக்கு. பக்கத்து வீட்டில் தாளிக்கக் கடுகை எடுத்தாலே இங்கே குமட்டும். ஒரு ரவுண்டு கூட்டிப் போகலாம் என்று குவார்ட்டர்ஸ் வாசலில் வண்டியை நிறுத்தினேன். கதவைத் திறந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினாள்.

அன்று சாயங்காலமே அப்பா போன் செய்துவிட்டார். அப்பா பெயர் மருதை. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

"அந்த வண்டில புள்ளைய ஏத்தாத. நான் வேன் சொல்லிட்டேன்."

"அதுக்குள்ள சரி பண்ணிட்டா?"

"அவளே மோந்து பாத்துச் சொல்லட்டும். அவ சரின்னா சரி."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பாலக்கரை மெக்கானிக் பிரிட்டோவிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவன் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தான்.

"ஆக்சிஜன் சென்சாருதான்க்கா. எஞ்சின் விடற புகைல ஆக்சிஜன் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாத்து, பெட்ரோல கூட்டவா கொறைக்கவான்னு சொல்றது இதான். இது செத்துட்டா வண்டி கண்ண மூடிக்கிட்டுப் பெட்ரோல ஊத்தும். அதான் இந்த நாத்தம். மொத்தம் ரெண்டு இருக்கு. கீழது நல்லா இருக்கு. மேல சென்சார மட்டும் மாத்திடுங்க."

அவன் பட்டறையில் நிற்கவே இடமில்லை, அத்தனை வண்டிகள். "நானே மாத்திக்கறேன் தம்பி. பொன்மலைல ரயில் எஞ்சினையே பிரிச்சுப் போடறோம், இதென்ன பிரமாதம்" என்றார் என் வீட்டுக்காரர். அங்கே ஃபிட்டர் வேலை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சமும் குறையாது.

குறை சொல்லக்கூடாது, வேலையில் மனிதர் சுத்தம். வீட்டு வாசலில் நான் நிறுத்தியிருந்த வண்டியின் முன்சக்கரங்களைச் சாய்வுப் பலகையில் ஏற்றினார். எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, இளஞ்சூட்டில் அடியில் புகுந்து துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்தார். ஒயர் வெளியே வர வசதியாக ஒரு பக்கம் பிளந்திருக்கும் பாக்ஸ் ஸ்பேனரைப் பிரிட்டோவிடமே வாங்கி வந்திருந்தார். முக்கி முனகி சென்சாரைக் கழற்றி, அதையே மாதிரிக்குக் கடைக்கு எடுத்துப் போனார். எல்லா வண்டிக்கும் பொதுவாக மலிவில் ஒன்று உண்டாம், ஒயரை வெட்டி ஒட்டுப்போட வேண்டுமாம். ஒட்டெல்லாம் வேண்டாம் என்று அசல் கம்பெனிச் சரக்கே வாங்கினார். முனையில் விரல் படாமல், திருகு மரையில் சூட்டில் ஒட்டிக்கொள்ளாமலிருக்கப் பசை தடவிப் பூட்டினார்.

சோதனைக்காகப் பானுவையும் ஆட்டோவில் வரவழைத்திருந்தோம். தெருவின் எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு, மகாராணி மாதிரி உட்கார வைத்தோம். வண்டியை ஸ்டார்ட் செய்தேன். மஞ்சள் விளக்கு அப்படியே எரிந்தது. காற்று அந்தப் பக்கம் திரும்பியதும் பானு மூக்கைப் பிடித்தாள்.

"மாமா, அதே நாத்தம்!"

நாளை மறுநாள் வளைகாப்பு. பிரிட்டோவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அண்ணே, எதக் கழட்டுனீங்க?"

"நீ சொன்னததான். மேல சென்சாரு. வண்டிக்கு அடியில படுத்து எடுக்கறதுக்குள்ள முதுகு போயிடுச்சுப்பா."

"பானெட்டத் தெறந்தா எஞ்சினுக்குப் பக்கத்துலயே மேலாக்க நிக்குமேண்ணே. அடியில எதுக்குப் போனீங்க?"

என் வீட்டுக்காரர் வண்டியைப் பார்த்தார். பிறகு சூரியனைப் பார்த்தார். "மேலன்னா மேற்குதானே?" என்றார்.

வண்டி கிழக்கே பார்த்து நின்றிருந்தது. எஞ்சின் கிழக்கே, வால் மேற்கே. நன்றாக உழைத்துக்கொண்டிருந்த பின்பக்கத்துச் சென்சாரை, மேற்கே இருந்த ஒரே குற்றத்துக்காக இந்த மனிதர் பிடுங்கிப் போட்டிருக்கிறார்! என் கையில் ஸ்பேனர் இருந்தது. எதிரே பானு இல்லாவிட்டால் என்ன நடந்திருக்குமோ தெரியாது.

"அண்ணே, காவிரிய நெனச்சுக்கங்க" என்றான் பிரிட்டோ. "எஞ்சின்லேர்ந்து புகை ஆறு மாதிரி வருது. நடுவுல புகையச் சுத்தம் பண்ற டப்பா இருக்கு, அதத் திருச்சின்னு வைங்க. திருச்சிக்கு முன்னாடி முக்கொம்புல நின்னு பாக்கறது மேல சென்சாரு. தாண்டிக் கல்லணைல நின்னு பாக்கறது கீழ சென்சாரு. ஷட்டர எவ்ளோ தெறக்கணும்னு முக்கொம்புலதானே முடிவு பண்ணுவாங்க?"

"முக்கொம்பு மேற்கதானேடா இருக்கு!" என்று துள்ளினார் இவர். "நான் சொன்னதுதானே சரி? ஏ ஜோதி, நீ வண்டிய மேற்கப் பாத்து நிறுத்தியிருந்தா நான் சரியானதத்தான் கழட்டியிருப்பேன். கிழக்கப் பாத்து நிறுத்தினது நீ."

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பானு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்தது. "மாமா, போதும், உள்ள புள்ளையும் சிரிக்குது" என்றாள். அதற்கு மேல் என் கோபம் எங்கே நிற்கும்? நானும் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

இந்த முறை கடைக்கு நானே போனேன். பானெட்டைத் திறந்து, மேலே இருந்த சென்சாரின் ஒயர் செருகும் இடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் என் வண்டியின் எஞ்சினையும் வருடத்தையும் கேட்டு இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். முன்பக்கத்துச் சென்சாருக்கு ஒயர் குட்டை, செருகும் முனையும் வேறு. போட்டோவோடு ஒத்துப்பார்த்து, "இதுதான்" என்றேன். திரும்பி வந்தால் என் வீட்டுக்காரரின் கை எஞ்சின் சூட்டை மறைக்கும் தகட்டுக்குள் நுழையவில்லை. வளையலைக் கழற்றி வைத்துவிட்டு நான் கையை விட்டேன். அவர் டார்ச் பிடித்தார். ஸ்பேனரை மாட்டி, பல்லைக் கடித்து ஒரு அழுத்து அழுத்தினேன். பிடிவாதமாக இருந்த பழைய சென்சார் சட்டென்று விட்டுக்கொடுத்தது. "அப்படிப் போடு!" என்று அவர் கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

புதியதையும் நானே பூட்டினேன். சாயங்காலம் பிரிட்டோ வந்து ஸ்கேனரில் விளக்கை அணைத்தான். அது திரும்ப எரியவில்லை. எனக்கு நாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆனால் என் மூக்கை யார் கேட்டார்கள்?

வளைகாப்பு நன்றாக நடந்தது. இரண்டு கையும் நிறைய வளையலோடு பானு வாசலுக்கு வந்தாள். அப்பா சொன்ன வேன் தயாராக நின்றது. நான் என் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு இறங்கி நின்றேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பானு நேராக சைலன்சர் பக்கம் போய், கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்தாள். நான் மூச்சே விடவில்லை.

"அப்பா," என்றாள், "நீங்கள்லாம் வேன்ல வாங்க."

அப்பா என் வண்டியின் முன்கதவைத் திறந்து, அவள் புடவை மாட்டாமல் பார்த்துச் சாத்தினார்.

மண்ணச்சநல்லூர் தாண்டும்வரை ஓயாமல் பேசினோம். பிரசவத்துக்குப் பயமாக இருக்கிறது என்று முதல்முறையாகச் சொன்னாள். எனக்கும்தான் என்றேன். யாரிடமும் சொல்லாததையெல்லாம் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம். திருவெள்ளறை நெருங்கும்போது திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நிறுத்து."

போச்சு என்று நினைத்தேன். ஓரங்கட்டினேன். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவள் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு, எதிர்க்காற்றில் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"மொளகா பஜ்ஜி" என்றாள். "யாரோ போடறாங்க."

நூறு அடி தள்ளி, வளைவைத் தாண்டிய பிறகுதான் அந்தத் தள்ளுவண்டியே கண்ணுக்குத் தெரிந்தது. மாதக்கணக்கில் ஒரு வாய்ச் சோற்றைக்கூட முகம் சுளிக்காமல் சாப்பிடாத என் தங்கை, நான்கு பஜ்ஜியை ஊதி ஊதித் தின்றுவிட்டு, ஐந்தாவதுக்கு வளையல் குலுங்கக் கையை நீட்டினாள். நான் வண்டியில் சாய்ந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் நிற்கவே இல்லை.

"என்னக்கா, புகையா?" என்றாள், வாய் நிறையப் பஜ்ஜியோடு.

"மொளகாடி" என்றேன். என் கையில் பஜ்ஜியே இல்லை.