யாரும் அனுப்பாத ஆள்

ஆம்பூரில் வாஹித் பாஷாவின் தோல் மண்டியில், தோல் பதனிட வரும் ஆவாரம்பட்டையை எடை போட ஆள் தேவைப்பட்டது. மழை பொய்த்து நிலம் வெடித்துக் கிடந்த வருஷம் அது. புருஷன் சம்பத்துக்கு அந்த வேலை கிடைத்தால்தான் வீட்டில் தினம் உலை கொதிக்கும் என்பது சௌந்தரத்தின் கவலை. பாஷா வீட்டுக்கு மோர் ஊற்றுகிறவள் அவள்தான். அவர் மனைவி அக்தர் பானுவிடமே போய்க் கேட்டாள்.

"நான் சொன்னேன்னு தெரிஞ்சா எடுக்கவே மாட்டார்டி. மண்டி பூரா என் தம்பிங்க. அவருக்குப் பேஜாராப் போச்சு. யாரும் அனுப்பலன்னு உன் புருஷனைச் சொல்லச் சொல்லு."

சம்பத்துக்கோ, கேட்ட கேள்விக்கு மழுப்பத் தெரியாது. மறுநாள் அவன் உள்ளே போக, சௌந்தரம் மண்டிக் கதவோரம் நின்றாள்.

"இன்னாப்பா, யாரு அனுப்புனது?" என்றார் பாஷா.

"யாரும் அனுப்பலீங்க சாயபு."

"சபாஷ்! அப்படிச் சொல்லச் சொன்னது யாரு?"

"உங்க வீட்டு பீபிம்மாதாங்க."

போச்சு என்று சௌந்தரம் தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே பாஷா விழுந்து விழுந்து சிரித்தார்.

"முன்ன இங்க எடை போட்டவன் என் மச்சான். தண்ணி தெளிச்ச பட்டையை எடை போட்டுட்டு ஆறு மாசம் மறைச்சான். உன்னால ஒரு நிமிஷம்கூட மறைக்க முடியல. இன்னிக்கே தராசுகிட்ட போய் நில்லு. பீபிம்மா கேட்டா, நானாத் தேடிப் புடிச்ச ஆளுன்னு சொல்லணும், தெரிஞ்சுதா?"

"சரிங்க சாயபு. அப்படிச் சொல்லச் சொன்னது யாருன்னு அவங்க கேட்டா?"

"வாயைத் தொறக்காம எடையைப் போடுடா!"