பயறு தின்னி

நைஜர் ஆற்றங்கரையில், எங்கள் ஊரில், ஜாரா குடும்பத்தாரைக் கண்டால் "பயறு தின்னி" என்று வைவது த்ராவோரே குடும்பத்தாரான எங்கள் கடமை. அவர்களும் எங்களை அப்படியே வைவார்கள். கோபப்பட்டவன் தோற்றான். சாவு வீட்டிலும் இது உண்டு. கேலி முறைக்காரன் வந்து பிணத்தை வைது, அழுகிறவர்களைச் சிரிக்க வைத்தால்தான் அடக்கம் நிறையும். என் அப்பாவை வைய வேண்டியவன் ஸான் ஜாரா. அப்பா விடியலில் போய்விட்டார். ஸான் வருவானா மாட்டானா என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தேன்.

எல்லாம் அந்த வெளிநாட்டுக்காரர்களால் வந்த வினை. நல்லவர்கள்தான். ஓட்டுப் போடக் கற்றுத்தர வந்தார்கள். கட்சிப் பெயர் சொன்னால் சண்டை வரும் என்று ஒத்திகைக்கு இரண்டு படங்களை மாட்டினார்கள். ஒன்று நிலக்கடலை, மற்றது தட்டைப்பயறு!

"டேய் ஸான், உன் கட்சி வந்துருச்சுடா!" என்று கத்தினேன்.

"ஆமாடா கோலோ, தின்னதுக்கு விசுவாசம் வேணாமா? எங்க ஆளுக அத்தனை பேரும் பயறுக்குத்தான்!"

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நாங்கள் வீம்புக்குக் கடலைக்குப் போட்டோம். பயறு ஜெயித்தது. வெளிநாட்டம்மா ஸானின் கையைத் தூக்கிப் பிடித்தாள். எந்த வீட்டில் தலை அதிகம் என்று அதுவரை எவனும் எண்ணிப் பார்த்ததில்லை.

நிஜத் தேர்தலிலும் அப்படியே பிரிந்து நின்றோம். ஸான் ஊர் மன்றத் தலைவனானான். தலைமை ஒரு வீட்டுக்கென்றால் கிணறு மறு வீட்டுக்கு என்பது எங்கள் வழக்கம். அவன் கிணற்றையும் எடுத்துக்கொண்டான்.

"பெரும்பான்மைடா. அவங்கதானே சொல்லிக்கொடுத்தாங்க?" என்றான்.

வயிறெரிந்து போய் என் தம்பி சந்தையில் அவர்களைப் "பயறு தின்னி" என்றான். ஜாரா இளவட்டங்கள் அவன் பல்லை உடைத்தார்கள். அந்தச் சொல் இப்போது கட்சி வசவு.

மதியத் தொழுகைக்கு முன் ஸான் வந்துவிட்டான், பின்னால் தடியோடு நாலு பேர். அப்பாவின் உடலருகே பேசாமல் நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னடா பயறு தின்னி, வாய் அடைச்சுப்போச்சா? கிழவனை நாலு வார்த்தை திட்டுடா!"

தடிக்காரர்கள் முன்னால் வந்தார்கள். ஸான் கையமர்த்தினான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"உங்கப்பா நல்ல மனுஷருங்க. மன்றத்தோட சார்பா உங்களுக்கு எங்க அனுதாபத்தைத் தெரிவிச்சுக்கிறோம்."

என்னைப் போய் 'உங்களுக்கு' என்றான், பாவி. அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.