மஞ்சள் ஒன்பது கஜம்

கப்பலிலேயே டோபி இருக்கிறான், துணியைக் கொடுத்துவிடு என்று மஹாதேவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கண்டவன் தொட்டதை உடுத்திக்கொண்டு அடுப்பருகே போகிறவள் இல்லை அவர் மனைவி பாகீரதி. மதராஸிலிருந்து வந்த கப்பல் கல்கத்தாவில் நங்கூரமிட்டதும், வாளியில் கங்கைத் தண்ணீரை மொண்டு, தன் மஞ்சள் ஒன்பது கஜத்தைத் தானே கசக்கிப் பிழிந்தாள். மேல்தளமெல்லாம் ஆள் நடமாட்டம். வீட்டில் என்றால் மடித்துணியை யார் கையும் எட்டாத மூங்கிலில் கோலால் தூக்கிப் போடுவாள். இங்கே பாய்மரக் கயிற்றில் முடிந்து உச்சிவரை இழுத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் துறைமுக டாக்டர் படகில் வந்து, எட்ட நின்றபடியே ஏதோ கத்தினார். மஹாதேவன் முகம் வெளுத்துப்போய் மனைவியிடம் ஓடிவந்தார்.

"மஞ்சள் துணி பறந்தா கப்பல்ல பிளேக்னு அர்த்தமாம்டி. ஒருத்தரும் கிட்ட வரப்படாது, தொடப்படாதாம். முதல்ல அதை எறக்கு."

பாகீரதி அண்ணாந்து பார்த்தாள். புடவையில் இன்னும் ஈரம் சொட்டியது.

"நானும் அதையேதானே சொல்றேன்? காயற வரைக்கும் அவரை அங்கேயே நிக்கச் சொல்லுங்கோ."