சுதர்சனம் தாளம் போட்ட கச்சேரி

ஒரு மனுஷர் ரேடியோ கேட்க உட்காருவதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று செங்கமலவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுதர்சனம் சலவை வேட்டி கட்டி, திருமண் பளிச்சென்று இட்டுக்கொண்டு, ரேடியோவுக்கு நேர் எதிரே பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார். தூத்துக்குடி சபாவில் முப்பது வருஷமாக முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டவர். அந்தத் தொடை இன்றைக்கும் தயாராக இருந்தது.

ஜெர்மனியில் ஹேமாம்புஜம் வாசிக்கப் போகிறாள். அவர்களுக்கு ஒரே பெண். வயலினில் நன்றாகத் தேறி வந்தவள், வயோலா கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் கிளம்பிப் போனாள். வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியம், குரலும் கட்டை.

“பக்கவாத்தியத்துக்குப் பக்கவாத்தியம்! பத்துப் பேரோட பின்வரிசையில உக்காந்து இழுக்கறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா?” என்று சுதர்சனம் அப்போது குதித்தார்.

“ஒருநாள் முன்னால நின்னு வாசிப்பேன்ப்பா. அன்னிக்குக் கேளுங்கோ” என்று அவளும் விடவில்லை.

“அன்னிக்கே பேசறேன், போ” என்றார்.

எதில் இல்லாவிட்டாலும் இதில் மனுஷர் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த வீட்டுக்கு ஹேமா போன் போடும்போதெல்லாம் வாசலில் போய்க் காக்காயை எண்ணிக்கொண்டு நிற்பார்.

இன்றைக்கு அவள் முன்னால் நிற்கிறாள். பின்னால் பெரிய வாத்தியக் கோஷ்டி, முன்னால் இவளும் வயோலாவும். யாரோ ஒரு ஜெர்மன்காரர் போன வருஷம்தான் எழுதிய புது உருப்படி. வெளிநாட்டு ஸ்டேஷனில் ஒரே ஒரு தடவை வரும். நாளைக் காலையில் போனில் ஹேமா முதலில் கேட்கப்போவது, “அப்பா கேட்டாரா?” என்றுதான். அதற்கு ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளிக்க செங்கமலவல்லிக்கு இனித் தெம்பில்லை.

அடுத்த வீட்டு உப்பு வியாபாரி செந்தூர்பாண்டியும் அவர் மனைவி சண்முகத்தாயும் வேறு வந்து உட்கார்ந்தார்கள். போன் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. வராதீர்கள் என்று சொல்ல முடியுமா?

ஆரம்பித்தது. அடித் தந்தியில் வயோலா கரகரவென்று கிளம்பியது. பின்னால் ஏதோ ஊதுகிற வாத்தியம் அலறியது.

“என்ன சாமி, ஹார்பர்ல கப்பலுக்குத் துரு சுரண்டுத மாதிரில்லா இருக்கு?” என்றார் செந்தூர்பாண்டி.

“ஸ்டேஷன் சரியா நிக்கலை” என்று சுதர்சனம் எழுந்து குமிழைத் திருகினார்.

“ஏன்னா! நன்னாத்தானே கேட்டுண்டிருந்தது!”

“உனக்கென்ன தெரியும்? நாலு ஸ்வரம் ஒண்ணோட ஒண்ணு முட்டிண்டு நிக்கறது. எவனாவது அப்படி எழுதுவானா? ரெண்டு ஸ்டேஷன் கலந்து விழறது.”

புது உருப்படி அப்படித்தான் இருக்கும், காதுக்குப் பழகக் கொஞ்சம் நேரமாகும் என்று ஹேமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அதை இவரிடம் ஒப்பித்தும் ஆயிற்று. யார் காதில் வாங்கினார்கள்! திருகிய திருகலில் கடலுக்கு அந்தப் பக்கத்து இலங்கை ஸ்டேஷன் வந்து பல்பொடி விற்றது. மறுபடி திருகினார். கொர்ரென்று இரைந்து, ஒருவழியாக வயோலா திரும்பி வந்தது.

வந்ததும் தாளம். ஆதி போட்டார், தாளம் ஆரம்பிக்கிற சமம் சிக்கவில்லை. ரூபகம் போட்டார், அதுவும் வழுக்கிக்கொண்டு போயிற்று. மிஸ்ர சாபு போட்டு, பாதியில் தொடையைப் பட்டென்று அறைந்தார். அவர் அடித்த அடியில் செங்கமலவல்லிக்கு வயோலா பாதிக்குமேல் கேட்கவில்லை.

“தாளமும் இல்லை, சுருதியும் இல்லை. இரு, சுத்தமா வரவழைக்கறேன்” என்று மறுபடி எழுந்தார். இந்தத் தடவை ஸ்டேஷன் சுத்தமாகவே போய்விட்டது.

அந்த வீட்டில் பெருமாளுக்கு விளக்கை அவள் ஏற்றலாம். ரேடியோ குமிழைத் தொடக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து தொட்டதில்லை.

“தள்ளுங்கோ” என்றாள்.

“உனக்கு...”

“தள்ளுங்கோன்னேன்!”

குமிழைப் பிடித்து மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். பெருமாளே, பெருமாளே என்று வாய் முணுமுணுத்தது. இரைச்சலுக்கு நடுவே கோஷ்டி கேட்டது. கேட்ட மாத்திரத்தில் அது அடங்கிப் போய், வயோலா மட்டும் நின்றது.

“ஓ, தனி விட்டுட்டா” என்று சுதர்சனம் கையை ஊன்றி எழுந்தார். கச்சேரியில் மிருதங்கத்துக்குத் தனி விட்டால் பாதிச் சபா காப்பிக்குக் கிளம்பும். தாளத்தில் புலி என்று பேர் வாங்கிய சுதர்சனம்தான் அதில் முதல் ஆள். செந்தூர்பாண்டியும் துண்டை உதறினார். “இருங்க மாமி, நான் போய் காப்பி போடுதேன்” என்றாள் சண்முகத்தாய்.

“யாரும் எழுந்திருக்கப்படாது!”

அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “எங்கே போறேள்? ஆறு வருஷமா வாசலுக்கு ஓடினது போறாதா? உங்க பொண்ணு அத்தனை பேருக்கு முன்னால ஒத்தையா நின்னு வாசிக்கறா. உக்காருங்கோ!”

சுதர்சனம் உட்கார்ந்தார். பழக்க தோஷம், கை தொடைக்குப் போயிற்று. செங்கமலவல்லி அதை இழுத்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். சண்முகத்தாய் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள்.

புரிந்ததா என்றால் அவளுக்கும் புரியவில்லை. அழகாக இருந்தது என்றும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, இறங்கமாட்டேன், நகரமாட்டேன் என்று வயோலா நின்ற நிலை அவளுக்குத் தெரிந்த நிலை. அப்பனுடைய அசல் பிடிவாதம். அவள் கைக்குள் இருந்த கை ஆடவில்லை.

கோஷ்டி திரும்ப வந்தது, முடிந்தது, கைதட்டல் கேட்டது. சுதர்சனம் எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார். நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? செங்கமலவல்லி பாத்திரங்களையெல்லாம் சத்தமாகக் கழுவினாள்.

காலையில் செந்தூர்பாண்டி வீட்டுப் போன் அடித்தது. அவள் ஓடிப்போய் எடுத்து வாயைத் திறப்பதற்குள், பின்னாலேயே வந்த கை ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டது.

“ஹேமாவா? என்னடி கோஷ்டி அது? ஒருத்தனுக்காவது சுருதி சேர்ந்திருக்கா? சமம் எங்கேடி வச்சிருக்கான் அந்த மனுஷன்? ஆதி போட்டேன், ரூபகம் போட்டேன், ஒண்ணும் உதவலை...” மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினார். காசெல்லாம் அந்தப் பக்கத்தில் கரைந்துகொண்டிருந்தது. செங்கமலவல்லிக்கு மண்டையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

“நடுவுல நீ தனியா வாசிச்சியே” என்றார். கனைத்துக்கொண்டார். “அப்போ நான் காப்பிக்கு எழுந்து போகலைடி.”

எழுந்தவரை உட்கார வைத்தது யாராம்? நாக்கு நுனிவரை வந்ததை செங்கமலவல்லி விழுங்கிக்கொண்டாள். அதற்குள் போன் கட்டாகிவிட்டது. பெண்ணோடு ஒரு வார்த்தை பேச அவளுக்கு வாய்க்கவில்லை.

“என்ன சொன்னா?”

“எங்கே சொன்னா? அழறா, அசடு” என்று சுதர்சனம் மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.