மந்திரம் வேறு, மனசு வேறு

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது பாஸ்டரய்யா நேசகுமாரின் கையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டார். "உங்க வெளாட்டுல மந்திரம் வேற, மனசு வேறயாமே மாஸ்டர்? மந்திரக் கட்டு மனசுக்குப் பலிக்காதாமே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பின்னால் வரிசை காத்திருந்தது. "சும்மா பொழுதுபோக்குங்கய்யா" என்றான் நேசகுமார். "நல்லது, நல்லது" என்று அவர் அடுத்தவர் கைக்குப் போய்விட்டார்.

சித்தூர் வெயிலில் சைக்கிளில் ஏறக்கூடத் தோன்றாமல் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். விளையாட்டில் மந்திரக் கட்டு மனசைத் தடுக்காது என்று தீர்மானம் எடுத்தது முந்தின நாள் சாயங்காலம். எடுத்தபோது அறையில் இருந்தவர்கள் மூன்றே பேர், அதில் ஒருவன் அவனே. ஒரே ராத்திரிக்குள் சர்ச்சு வாசல்வரை எப்படிப் போயிற்று? திருச்சபைப் பள்ளிக்கூடத்தில் அவன் நாலு வருஷமாக டெம்பரரி சயன்ஸ் மாஸ்டர். இந்த மாதக் கடைசியில் கமிட்டி கூடுகிறது, கமிட்டிக்குத் தலைவர் பாஸ்டரய்யாதான். வீட்டில் மந்திரவாதிக் கூட்டம் நடத்துகிறவன் என்று ஒரு பேச்சு அந்த மேசைக்கு வந்தால் போதும், பர்மனென்ட் அம்பேல்.

விளையாட்டு என்னவோ விளையாட்டுதான். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் படிக்க வந்த ஓர் அமெரிக்கப் பையன் ஊருக்குக் கிளம்பும்போது பகடைகளையும் சின்னப் புத்தகத்தையும் அப்போது அங்கே டைப்படித்துக்கொண்டிருந்த ஜீவரத்தினத்திடம் கொடுத்துவிட்டுப் போனான். ஜீவரத்தினம் நேசகுமாரின் மச்சான். இப்போது திருப்பதியில் டைப்பிஸ்டு, சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். ஒருவன் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். ஆபத்து வருகிற இடத்தில் பகடை உருட்டினால் பிழைப்பதும் சாவதும் தெரியும். கதை சொல்கிறவன் நேசகுமார். ஜீவரத்தினம் மந்திரவாதி. மூன்றாவது ஆள் ஏகாம்பரம், குடுபல்லிப் பக்கத்துக்காரன், கரண்டு ஆபீசில் லைன்மேன். வாள்வீரனாக ஆரம்பித்தவன், ஆறே மாதத்தில் வாள் அலுத்துப்போய்ப் புது வேஷம் கேட்டான்.

"மந்திரம்னா சூடம் வோணும், எலுமிச்சங்கா வோணும், வாய்ல முணுமுணுக்கணும். எனக்கு அதெல்லாம் வாணாம்" என்றான். "நான் கம்முனு குந்திக்கினு எதிராளி நெனைக்கிறத தெரிஞ்சிக்கறவன்."

"அப்ப நான் போடற கட்டுக்கு மரியாத இன்னா?" என்று ஜீவரத்தினம் பாய்ந்தான். "இவன் நோகாம உள்ள பூந்துட்டு வருவான், நான் எலுமிச்சங்கா வெச்சிக்கினு வெளிய நிக்கணுமா மாமா?"

ஒரு வாரம் நேசகுமாருக்கு இதே யோசனை. கரும்பலகையில் ஒளிவிலகல் படம் போடும்போதும் மனசக்திதான் மண்டையில் ஓடியது. இரண்டும் ஒன்று என்றால் இரண்டு பெயர் எதற்கு? வேறு வேறு என்றால் ஜீவரத்தினம் சொல்வது நியாயம், மந்திரவாதி செல்லாக்காசு. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்து அந்தச் சனிக்கிழமை சொன்னான். மந்திரக் கட்டு மனசைத் தடுக்காது. ஆனால் அடுத்தவன் மனசிலிருந்து ஒன்றை எடுத்தால், எடுத்தவன் மனசிலிருந்தும் ஒன்று அந்த அடுத்தவனுக்குத் தெரிந்துபோகும். ஏகாம்பரம் தொடையைத் தட்டி ஒப்புக்கொண்டான். தேநீர் கொண்டுவந்த கிருபாபாய்கூட, "இது நல்லாக்கீதே" என்று புருஷனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

காட்டிக்கொடுத்தது யார்? ஜீவரத்தினம் சொந்த மச்சான், ஞானஸ்நானம் எடுத்தவன், அக்கா பிழைப்பைக் கெடுப்பானா? நேசகுமாரின் நினைப்பு சுற்றிச்சுற்றி ஏகாம்பரத்திடமே போய் நின்றது. அன்றைக்குக் காலையில் ஆராதனைக்குப் போகும்போது பாஸ்டரய்யா வீட்டு வாசலில் அவன் சைக்கிளைப் பார்த்தது வேறு ஞாபகம் வந்து தொலைத்தது. நாலு வருஷப் பழக்கத்தை இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு பொறி வைத்தான். கதையில் வருகிற அரக்கனின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை ஏகாம்பரத்துக்கு ஒரு விதமாகவும் ஜீவரத்தினத்துக்கு வேறு விதமாகவும் சொல்வது. எந்தப் புளுகு சர்ச்சுக்குப் போகிறதோ, அதை வாங்கியவன்தான் ஆள். அரக்கனின் உயிர் உண்மையில் ராணியின் தலையணைக்குள் இருந்தது. அதைக் கிருபாபாயிடம் மட்டும் சோறு தின்கிறபோது சொல்லிச் சிரித்தான். அவளிடம் சொல்வது தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரிதானே.

அடுத்த சனிக்கிழமை ஏகாம்பரம் மனசக்திக்காகப் பகடை உருட்டி ஜெயித்தான். அப்படிக் கிடைப்பதை அவனுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நேசகுமார் அவனைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனான்.

"அரக்கன் உயிரு கோட்டைக்குப் பின்னால குட்டையில இருக்குது" என்றான், குரலைத் தாழ்த்தி.

ஏகாம்பரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "எனக்கு குட்ட. ஜீவாவுக்கு வேற எதுனா சொல்லப் போற. எது வெளிய போவுதுன்னு பாக்கப் போற. அதானே, வாத்தியாரே?"

வீட்டுக்குள் ஜீவரத்தினம் காதில் விழுந்ததா என்று நேசகுமார் திரும்பிப் பார்த்தான். "யாரு சொன்னா?"

"உன் மூஞ்சிதான். இதுக்கு பகட வேறயா?"

மறைத்துப் பயனில்லை என்றானதும் நேசகுமாருக்குக் கோபம்தான் வந்தது. "பாஸ்டரய்யா வீட்டுக்கு நீ எதுக்குப் போன?"

"மெயின் கருகிப் போச்சின்னு ஆள் அனுப்ச்சாரு. வாசல்ல நின்னுக்கினே வேல செஞ்சேன். தண்ணி கேட்டா வேலிக்கு வெளிய டம்ளர வெச்சிட்டு உள்ள போனாங்க. அவுங்ககிட்ட குந்திக்கினு கத பேசிட்டு வந்திருப்பேன்னு நெனச்சியா?" அவன் குரல் உயரவே இல்லை. கையிலிருந்த பகடையைக் கிணற்றுக் கட்டைமேல் வைத்தான். "நீ போட்ட சட்டம்தான். உன் மனசுலருந்து ஒண்ணு எடுத்துட்டேன், என்னுதுலருந்து ஒண்ணு குடுக்கணும். குப்பத்துக்கு டிரான்ஸ்பர் வந்துது. சொந்த ஊருக்குப் பக்கம். இந்த சனிக்கெழமைக்காவ வாணாம்னு சொல்லிட்டேன்."

கொல்லைக் கதவு வழியாகவே போய்விட்டான். ஜீவரத்தினம் என்னவென்று கேட்டதற்கு நேசகுமார், அவனுக்கு டூட்டி என்றான். அடுப்படியில் கிருபாபாய் கேட்டதற்கு மட்டும், "அவன் இனிமே வரமாட்டான்" என்றான். அவன் நடித்திருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதும் ஒரு மூலையில் இருந்தது. குற்றமுள்ளவன்தானே முந்திக்கொண்டு ரோஷப்படுவான் என்று அந்த மூலை சொல்லிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபம் அவன் வீட்டு முறை. பாயில் பெண்கள், நாற்காலியில் பாஸ்டரய்யா. பாட்டு முடிந்ததும் எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவர் நோயாளிகளுக்காக ஜெபித்தார், மழைக்காக ஜெபித்தார், பிறகு குரலை ஏற்றினார்.

"ஆண்டவரே, இந்த வீட்டுத் தலைவனுக்காக வேண்டுகிறோம். ராணியின் தலையணைக்குள்ளே ஒளித்துவைத்த அந்த அரக்கனின் உயிரை இவர் சிந்தையிலிருந்து நீரே பிடுங்கிப்போடும்."

"ஆமென், ஆமென்" என்றார்கள் பெண்கள். சிரிக்கவேண்டிய இடம், ஆனால் அந்தத் தலையணையை நேசகுமார் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தான். கண்ணைத் திறந்தான். அத்தனை மூடிய கண்களுக்கு நடுவே கிருபாபாயும் கண்ணை மூடிக்கொண்டு, கையை உயர்த்தி, மனசார உருகிக்கொண்டிருந்தாள். தெரிந்தவர்கள் யார் யார் என்று பன்னிரண்டு நாளாகக் கணக்குப் போட்டவன் அவளை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தேநீர் வடிகட்டும்போது அடுப்படியில் பிடித்துக் கேட்டான். "நீயா?"

"நான் இன்னா கோளா சொன்னேன்?" அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை. "ஞாயித்துக்கெழம காத்தால பொண்ணுங்க கூட்டத்துல ஜெபக் குறிப்பு குடுத்தேன். உங்களுக்கு பர்மனென்ட் ஆவணும்னு. இன்னா தடைன்னு கேட்டாங்க, சொன்னேன். வெவரம் சொல்லாம எப்டிங்க ஜெபம் பண்ணுவாங்க? கர்த்தர்கிட்ட போயி மறைக்க முடியுமா?"

"ஏகாம்பரம் மேல பழிய போட்டுட்டேண்டி."

"அவரு எதுக்கு வரலன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள், தட்டைக் கையில் எடுத்தபடி. "வரமாட்டாருன்னு மட்டும்தான் சபையில சாட்சி சொன்னேன்."

பாஸ்டரய்யா தேநீரைக் குடித்துவிட்டு வாசல்வரை வந்து அவன் தோளில் கை வைத்தார். "கமிட்டி ஆளுங்ககிட்ட பேசிட்டேன் மாஸ்டர். அந்த கரண்டு ஆபீசு ஆள் இனிமே இங்க வரமாட்டான்னு சிஸ்டர் சாட்சி சொன்னாங்க. மனசப் படிக்கிறேன்னு திரியிற ஆளு, அவன்தான் இதுக்கெல்லாம் வேரு. ஆர்டர் வந்துரும், கவலப்படாதீங்க."

அவன் என் சிநேகிதன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு வருஷமாகக் காத்திருந்த வாய் அதற்குள் முந்திக்கொண்டது. "தேங்க்ஸ்ங்கய்யா" என்றது.

செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி ஏகாம்பரத்தின் வீட்டுப் பக்கம் நடந்தான். அவ்வளவு தூரம் போகத் தேவையிருக்கவில்லை. தெருமுனைக் கம்பத்தின் மேல், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, ஏகாம்பரம் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். கீழே யார் நிற்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பவில்லை, குறடு மட்டும் ஒரு நொடி நின்றுவிட்டு மறுபடி முறுக்கியது.

ஜெபம் முடிந்து வெளியே வந்த பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பாஸ்டரய்யாவும் சைக்கிளைப் பிடித்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பத்தடியில் ஏகாம்பரத்தின் தோல் செருப்புகள் ஒன்று குப்புறவும் ஒன்று தள்ளியும் கிடந்தன. நேசகுமார் குனிந்தான். இரண்டையும் கையால் எடுத்து மண்ணைத் தட்டி, இறங்கி வருகிறவன் கால் நேராக நுழையும்படி சேர்த்து வைத்தான். இறங்கிக்கொண்டிருந்த ஏகாம்பரம் பாதிக் கம்பத்தில் நின்று, கீழே வராமல், மேலேயும் ஏறாமல், அந்தச் செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.