நாலாவது தெருக் குழாய்

சோழவரம் ஏரிக்கு அந்தப்பக்கம், அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் மனை பிரித்த குடியிருப்பு அது. குடிதண்ணீர்க் குழாயையும் சாக்கடைக் குழாயையும் அப்போதே ஒரே பள்ளத்தில் புதைத்துவிட்டார்கள். இம்மானுவேல் அங்கே இருபத்திரண்டு வருஷமாகத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். காலையில் வால்வைத் திறப்பார், இரண்டு மணி நேரம் கழித்து மூடுவார். மேலே தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைப்பதும் அவர்தான்.

மகள் மோனிகா தலைப்பிரசவத்துக்கு நாலாவது தெருவிலிருந்த தாய்வீட்டுக்கு வந்தபோது ஏழாம் மாதம். அவள் புருஷன் வசந்தகுமாருக்கு அத்திப்பட்டு மின்நிலையத்தில் ஒப்பந்த வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போவான். வந்த மறுவாரமே மோனிகா டம்ளரை மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"தண்ணி ஒரு மாதிரி நாறுது நைனா."

"பிளீச்சிங் வாசனைம்மா. நாந்தான் நேத்து கொஞ்சம் கூடப் போட்டேன்."

கூடப் போட்டது நிஜம்தான். ஏன் போட்டார் என்பதைச் சொல்லவில்லை. தெருமுனையில் எங்கோ குழாய் ஓட்டை விட்டிருக்கிறது என்று சந்தேகப்பட்டு, இரண்டு மாதம் முன்பே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். புது லைன் வரப்போகிறது, அதுவரைக்கும் ரோட்டில் கைவைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தெருவே அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. அவரும் குடித்தார். பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்துவானேன் என்று இருந்துவிட்டார்.

ஒரு மாதத்தில் மோனிகாவுக்குக் காய்ச்சல் கண்டது. சோறு இறங்கவில்லை, ஓயாத வாந்தி. உடம்புச் சூடு என்று நினைத்த ரோசம்மாள் மகளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாள். நாலாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. திருவள்ளூரில் பார்த்தவர்கள் உடனே சென்னைக்கு அனுப்பினார்கள். போகும் வழியில் மோனிகா தகப்பனைப் பார்த்து, நீங்க யாரு என்று கேட்டாள்.

கர்ப்பிணிகளுக்கு இந்தக் காமாலை ரொம்பப் பொல்லாதது என்றார் டாக்டர். எந்தத் தண்ணீர் குடித்தாள் என்று கேட்டார். வசந்தகுமார் மாமனாரைப் பார்த்தான்.

"நான் தொறந்து வுடற தண்ணிதாங்க" என்றார் இம்மானுவேல்.

குழந்தை வயிற்றிலேயே இறந்தது. அடுத்த நாள் மோனிகாவும் போய்விட்டாள். இருவரையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள்.

மறுநாள் காலையில் அவர் வால்வைத் திறக்கவில்லை. கடப்பாறையோடு தெருமுனைக்குப் போய்த் தோண்ட ஆரம்பித்தார். குடத்தோடு வந்த பக்கத்து வீட்டுக் கல்பனா, ஆபீசில் கேட்டீர்களா என்றாள். அவர் தோண்டிக்கொண்டே இருந்தார். அவள் போய் மண்வெட்டி எடுத்து வந்தாள். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள்.

உச்சிவெயிலில், இடுப்பளவு ஆழத்தில், அது கிடைத்தது. பழைய இரும்புக் குழாயின் அடியில் துருப்பிடித்து விரல் நுழையும் ஓட்டை. ஒட்டினாற்போல் ஓடிய சாக்கடைக் குழாயின் இணைப்பு பிளந்து கறுப்பாகக் கசிந்துகொண்டிருந்தது. தண்ணீரை மூடும்போதெல்லாம் குழாய் அந்தக் கறுப்பை உள்ளே இழுத்திருக்கிறது. தினமும் மூடியவர் அவர்தான்.

ஓட்டையில் ரப்பர் வைத்து, பட்டை போட்டு முடுக்கி, இணைப்பில் சிமெண்ட் பூச அரை மணி நேரம் ஆனது. ரோசம்மாள் வந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்." அவர் தலை நிமிரவில்லை. "பொண்ணு கேட்டப்பவே நான் உண்மைய சொல்லியிருக்கணும் ரோசா."

அவள் பள்ளத்தின் விளிம்பில் குனிந்தாள். "நானுந்தான் டெய்லி மொண்டு குடுத்தேன்" என்று கையை நீட்டினாள். "மேல ஏறி வா."

இரண்டு பேரும் வெட்டிப்போட்ட மண்மேட்டில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான், மகள் இறந்த பிறகு முதல்முறையாக, இம்மானுவேல் அழுதார்.

சாயங்காலம் தண்ணீர் வந்தது. வாசனை இல்லை. ஆனாலும் தெருவில் யாரும் குடிக்கப் பிடிக்கவில்லை. ரோசம்மாள் வாளி நிறையப் பிடித்து, மோனிகாவின் துணிகளை ஒவ்வொன்றாக நனைத்துக் கசக்கினாள். அவர் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டே போனார்.